கல்லூரிக் கட்டுரையும் வைப்பின் மணலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசலாம். தமிழரின் வீரத்தையும் கொடையையும் பேசலாம். அவற்றைப் பேச வல்லார் இங்கே பலர் உளர். நிர்வாகக் குழுவினர் எமக்குத் தந்திருக்கும் பொருளோ வேறு. கல்லூரியின் முதலாண்டில் மாணாக்கர் பெறும் கட்டுரைப் பயிற்சி குறித்துச் சில சொல்லுமாறு பணித்தனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்துவிட்ட எமக்கு இப்பொருளில் என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரு தகுதி உண்டு. நாள்தோறும் தாள்களோடு வாழ்கின்றோம். தாளில் எழுதப்பெற்ற சொல்லுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பதே எமது பிழைப்பு. கல்லூரிக் கட்டுரையின் உயிரும் அதுவேயாம்.

பள்ளியில் நாம் எழுதிய கட்டுரை எத்தகையது? ஆசிரியர் தலைப்புத் தருவார், குறிப்பும் தருவார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று அறைகள் கட்டி, கேட்டதையும் படித்ததையும் அவற்றுள் நிரப்பினோம். பசுவைப் பற்றி எழுதியவர் பசுவைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இம்முறையை யாம் இகழவில்லை. கையெழுத்தும், பிழையின்மையும், வாக்கிய அமைதியும் அவ்வழியே வந்தன. ஆயினும் அது எல்லார்க்கும் தெரிந்ததை மீண்டும் சொல்வது. கல்லூரிக் கட்டுரையோ ஒரு வினாவை எழுப்பி, அதற்கு விடை தேடி, தேடிய வழியைப் பிறரும் நடந்து பார்க்குமாறு காட்டுவது. "இதனை யார் சொன்னார்? அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்னும் இரு வினாக்களும் எழுதுவோன் நெஞ்சில் ஓயாமல் ஒலிக்க வேண்டும்.

இப்பயிற்சியைத் தனிப் பாடமாக வைக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதுவதைக் கட்டாயமாக்கியது. 1885 முதல் முதலாண்டு மாணாக்கர்க்குக் கட்டுரைப் பாடத்தை அமைத்தது. நம் கேரளத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலையில் நான்காண்டு இளங்கலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டம் பெற வழியுண்டு. ஆகவே ஆய்வு என்பது முனைவர் பட்டத்திற்குப் படிப்போர்க்கு மட்டும் உரியது என்று இனி யாரும் ஒதுங்கியிருத்தல் இயலாது. முதலாண்டில் எழுதும் நான்கு பக்கக் கட்டுரையே அதன் வித்து.

விதியை விதியாகச் சொன்னால் விளங்காது. ஆதலின் நாம் குடியிருக்கும் இவ்வைப்பின் மண்ணையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். "வைப்பின் தீவு பற்றிக் கட்டுரை வரைக" என்று பேராசிரியர் பணித்தார் என்க. மாணாக்கர் ஒருவர் எழுதத் தொடங்குகிறார். தீவின் நீளம், மக்கள் தொழில், கோயில்கள், தேவாலயங்கள், மீன்பிடித் துறைமுகம், பாலங்கள் எனப் பட்டியல் நீளும். இறுதியில் படிப்போர் கையில் ஒன்றும் நில்லாது. வலையை அகல விரித்தால் மட்டும் போதாது. கண்ணி நெருக்கமாயிருந்தால் அன்றோ மீன் தங்கும்? ஆகவே பொருளைச் சுருக்குதலே முதற் பயிற்சி. "வைப்பின் தீவு" என்பதை "வைப்பின் தீவின் தோற்றம்" என்று சுருக்கலாம். அதனையும் சுருக்கி, "1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் வைப்பின் தோன்றியது என்னும் செய்திக்குச் சான்றுகள் யாவை?" என்று வினாவாக்கலாம். தலைப்பு வினாவாக மாறும்போதே கட்டுரைக்கு உயிர் வந்துவிடுகிறது.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் பெருகிற்று. முசிறித் துறைமுகம் தூர்ந்தது. கொச்சியில் புதிய கடல்வாய் திறந்தது. ஆறு கொணர்ந்த மண்ணால் வைப்பின் தீவு எழுந்தது. இச்செய்தியை நாம் எங்கும் காண்கின்றோம். சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது; நாளிதழில் இருக்கிறது; பள்ளிப் பிள்ளைகளின் ஏட்டிலும் இருக்கிறது. இத்தனை இடங்களில் இருப்பதால் உண்மை என்று முடிவு கட்டலாமா? இங்கேதான் கல்லூரிக் கல்வி தொடங்குகிறது. நூறு நூல்கள் ஒரு செய்தியைச் சொல்லலாம். அந்நூறும் முன்னுள்ள ஒரே நூலைப் பார்த்து எழுதியவையாயின், அவை நூறு சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். ஒருவர் சொன்னதைத் தெருவெல்லாம் திருப்பிச் சொன்னால் சாட்சிகள் பெருகிவிடுமோ? ஆகவே மாணாக்கர் கிளையைப் பற்றிக்கொண்டு வேரை நோக்கி இறங்க வேண்டும். இந்நூல் எந்நூலைக் காட்டுகிறது, அந்நூல் எதனைக் காட்டுகிறது என்று பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். அச்சுத மேனோன் எழுதி 1911இல் வெளிவந்த கொச்சி அரசின் கையேடு போன்ற பழைய நூல்களை எறணாகுளத்து நூலகங்களில் தேடலாம். பழைய கொச்சி அரசின் ஆவணங்களுக்கு எறணாகுளத்து வட்டார ஆவணக் காப்பகம் உண்டு.

அவ்வாறு தேடுவோர்க்குப் பலவகைச் சான்றுகள் கிடைக்கும். முதலாவது ஊர்ப்பெயர். வைப்பு என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொது. வைக்கப்பட்டது, சேர்ந்து படிந்தது என்பது பொருள். கடலும் ஆறும் கொணர்ந்து வைத்த நிலம் இது என்பதைப் பெயரே சொல்கிறது. ஆயின் எந்த ஆண்டு வைத்தது என்பதைப் பெயர் சொல்லாது. இரண்டாவது, இவ்வட்டாரத்தில் வழங்கிய புதுவைப்பு என்னும் ஆண்டுக்கணக்கு. அதன் தொடக்கம் 1341 ஆகும். மக்கள் ஓர் ஆண்டுக்கணக்கைத் தொடங்க வேண்டுமாயின் அவர்கள் கண்முன் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். இது வலுவான சான்று. எனினும் அம்மாற்றத்தின் அளவு எத்தகையது என்பதை அது விரித்துரைக்கவில்லை. மூன்றாவது, வேற்றுநாட்டார் குறிப்பு. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களில் உடன் வந்த மா ஹுவான் என்பார் கொச்சியைப் பற்றி எழுதியுள்ளார். அக்காலத்தில் கொச்சி பெயர்பெற்ற துறையாயிருந்தது என்பதற்கு இது சான்று. வெள்ளத்திற்குச் சான்று அன்று. நான்காவது, நிலமே தரும் சான்று. பழைய நிலப்படத்தையும் புதிய நிலப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கரை ஓரிடத்தில் வளர்வதும் ஓரிடத்தில் தேய்வதும் தெரியும். 1924இலும் 2018இலும் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. வைப்பின் போன்ற தீவொன்று அவற்றால் எழவில்லை. அங்ஙனமாயின், ஒரே வெள்ளம் இத்துணை நீண்ட தீவை எழுப்பியிருக்குமா? அன்றிப் பல்லாண்டு சேர்ந்த மணல்திட்டுக்கு அவ்வெள்ளம் புதிய உருவம் தந்ததா?

இவ்வினாவை எழுப்பிய மாணாக்கர் இப்போது தம் கருத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். "1341இல் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது என்பதைப் புதுவைப்பு ஆண்டுக்கணக்கு காட்டுகிறது, ஆயின் தீவு முழுதும் அவ்வோராண்டில் பிறந்தது என்று கொள்ள அச்சான்று போதாது." இவ்வாக்கியத்தில் ஆரவாரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நிலம் இருக்கிறது. சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்லுதல், அதற்கு மேல் ஒரு சொல்லும் மிகாமை: இதுவே கல்லூரிக் கட்டுரையின் ஒழுக்கம்.

சொற்களை அளந்து பயன்படுத்துதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் நம் கொச்சியைச் சார்ந்ததே. "முதல் தமிழ் அச்சு நூல் எது?" என்று கேட்டால் பலரும் பலவாறு விடையிறுப்பர். 1554இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் தமிழ் நூலொன்று அச்சாயிற்று. ஆனால் அதன் தமிழ் உரோமன் எழுத்தில் இருந்தது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அடுத்த ஆண்டாகிய 1579இல் இக்கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சிடப்பட்டது. ஆகவே "முதல்" என்று எழுதுமுன், தமிழ் மொழியில் முதலா, தமிழ் எழுத்தில் முதலா, இந்திய மண்ணில் முதலா என்று வரையறுத்தல் வேண்டும். வாதங்களுள் பாதி, சொல்லை வரையறுக்காமையால் வருவன. சென்னையில் இருந்தும் மதுரையில் இருந்தும் வந்தவர்கள் தமிழைத் தொலைவில் விட்டு வந்ததாக வருந்துவர். நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் எழுத்து அச்சேறிய ஊரில் நாம் குடியிருக்கின்றோம் என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இனி, குறிப்பெடுக்கும் முறை. ஈண்டு எமது தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்ல அனுமதிக்க வேண்டும். பார்சல் அலுவலகத்திற்கு ஒரு மூட்டை வருகிறது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார், எந்த நிலையத்தில் ஏற்றியது என்னும் லேபிள் அதில் இல்லை. உள்ளே பட்டுப்புடவையே இருப்பினும் அதனை யாரிடம் கொடுப்பது? அது கிடங்கின் மூலையில் கிடக்கும். மாணாக்கர் எழுதிவைக்கும் குறிப்பும் அத்தகையதே. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கும் இல்லாத குறிப்பு லேபிள் இழந்த மூட்டை. எத்துணை அரிய செய்தியாயினும் கட்டுரையில் ஏற்ற இயலாது. அலுவலகக் கடிதத்தின் தலையில் "பொருள்" என்றும் "பார்வை" என்றும் இரு வரிகள் உண்டு. பார்வை என்பதில் முன் வந்த கடிதத்தின் எண்ணும் நாளும் இருக்கும். பார்வை இல்லாத கடிதத்தை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். கல்லூரிக் கட்டுரையின் அடிக்குறிப்பு என்பது இந்தப் "பார்வை" வரியே அன்றி வேறன்று. அதனைக் கண்டு அஞ்ச வேண்டா.

அடிக்குறிப்பு நன்றியறிதலும் ஆகும். டச்சுக்காரர் கொச்சியை ஆண்ட காலத்தில் வான் ரீடு என்னும் ஆளுநர் மலபாரின் செடி கொடிகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுப்பித்தார். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர்களுள் தலையாயவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். இவர்கள் 1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாளிட்டுத் தந்த சான்றுரைகள் அந்நூலிலேயே அச்சாயின. நாடாண்ட அதிகாரி, தமக்குச் சொன்ன வைத்தியரின் பெயரை மறைக்கவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து, 2003இல் அதனை ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் வெளிவரச் செய்தார். இட்டி அச்சுதனின் பெயர் இன்று நிலைத்திருப்பது அச்சான்றுரையால் அன்றோ?

நம் தமிழிலும் இவ்வொழுக்கத்திற்குக் குறைவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். தமக்குத் தெரியாத சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே சென்று கேட்டறிந்தார். கேட்பது இழுக்கன்று, கேட்டதை மறைப்பதே இழுக்கு.

இன்று நிலைமை எவ்வாறுள்ளது? பணம் கொடுத்தால் திட்டக் கட்டுரையை எழுதி, அச்சடித்து, தைத்துக் கொடுக்கும் கடைகள் உள. கேட்ட மாத்திரத்தில் பத்துப் பக்கம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை சில வேளைகளில் இல்லாத நூலை இருப்பதாகவும் காட்டிவிடும். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. அவ்விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் நடவடிக்கை உண்டு. அறுபதுக்கு மேற்பட்டால் பதிவையே நீக்கலாம். முதலாண்டுக் கட்டுரைகள் அவ்விதியின் எல்லைக்குள் வாரா. ஆயின் யாம் சொல்ல விழைவது தண்டனை பற்றியன்று. கடையில் வாங்கிய கட்டுரைக்கு மதிப்பெண் வரலாம், பட்டமும் வரலாம். நாளை ஒரு வழக்கிலோ, வேலையிலோ, ஊர்ப் பொதுக் காரியத்திலோ, "இது சரிதானா?" என்று ஆராய வேண்டிய நேரத்தில் அப்பட்டம் வாய் திறவாது.

சான்று சேர்ந்தபின் அதனை அடுக்குதல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தைக் கல்லூரி மாணாக்கர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நூலாசிரியன் கொள்ளும் மதம் எழுவகை என்கிறார் அவர். பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தாமே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலின் குற்றம் காட்டலாம், பிறரோடு படாது தம் கொள்கையையே கொள்ளலாம். மேனாட்டார் இன்று பாடமாக வைத்திருப்பது இதனையன்றி வேறு யாது? நூலுக்குரிய அழகுகளுள் "முறையின் வைப்பு" என்று ஒன்றையும் அவர் சொல்கிறார். பாருங்கள், இங்கும் வைப்பு! ஆறு மண்ணைக் கொணர்ந்து ஓரிடத்தில் வைத்தமையால் தீவு உண்டாயிற்று. செய்தியைக் கொணர்ந்து முறையாக வைத்தால் கட்டுரை உண்டாகும். முறையின்றிக் கொட்டினால் அது துறையைத் தூர்த்துவிடும் வண்டலே. எழுதி முடித்தபின் நன்னூல் சொல்லும் குற்றங்களாகிய கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் தம் கட்டுரையில் உளவா என்று மாணாக்கர் தாமே தேடிக் களைதல் வேண்டும். முதற்படியோடு நிறுத்தாது, இருமுறையேனும் திருத்தி எழுதுதல் நலம்.

நம் பிள்ளைகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். மூன்றிலும் முழுமையில்லை என்று அவர்கள் குன்றிப் போகின்றனர். அதனை யாம் குறையாக எண்ணவில்லை. மூன்று மொழிச் சான்றுகளையும் படிக்க வல்லவர் அரியர். வினாவைத் தமிழில் சிந்தியுங்கள். சான்றை எம்மொழியிலும் தேடுங்கள். பேராசிரியர் கேட்ட மொழியில் எழுதுங்கள். தமிழ் நூல் இங்கே கிடைக்கவில்லை என்றும் இனிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே திறக்கலாம்.

பெரியோர்களே! இவையெல்லாம் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்காக மட்டும் சொன்னவை அல்ல. கொச்சிக் கோட்டையில் டோபி கானா இருக்கிறது. அங்கே துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோரை டச்சுக்காரர் தம் படைவீரரின் உடை வெளுக்க அழைத்து வந்தனர் என்பது வழங்கி வரும் செய்தி. எந்த ஊரிலிருந்து வந்தனர்? எவ்வழியே வந்தனர்? முதலில் எங்கே குடியேறினர்? முனம்பத்தில் படகேறும் குமரி மாவட்டத்து மீனவர் எப்போது முதலில் வந்தனர்? 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பெற்ற பின்னர் நம் காலனிப் பெண்களின் வேலையும் பயணமும் எவ்வாறு மாறின? இவ்வினாக்களுக்கு விடை எந்தப் பேரரசின் கையேட்டிலும் முழுமையாகக் கிடைக்காது. நம் பாட்டிமார் நினைவில் இருக்கிறது. தகரப் பெட்டியின் அடியிலுள்ள பழைய குடும்ப அட்டையிலும், வாடகைச் சீட்டிலும், திருமண அழைப்பிலும் இருக்கிறது. நினைவு உடையவர் ஆண்டுதோறும் ஒருவர் இருவராகக் குறைந்து வருகின்றனர். பெட்டிகளோ ஒவ்வொரு மழைக்கும் நனைகின்றன. நாம் எழுதாவிட்டால், நம்மைப் பற்றிப் பிறர் ஒருவர் ஒரு வரி எழுதுவார். நூறு பேர் அதனைத் திருப்பி எழுதுவர். நம் பேரப்பிள்ளைகள் அதுவே உண்மை என்று படிப்பர்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் பயிலும் பிள்ளை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முதியவரைக் கண்டு, அவர் இசைவோடு, அவர் சொல்வதை நாளும் இடமும் குறித்து எழுதட்டும். கேட்டது இது, தாளில் கண்டது இது, தாம் கருதுவது இது என மூன்றையும் பிரித்து எழுதட்டும். அக்கட்டுரைகளுக்கு இம்மலரில் நான்கு பக்கம் ஒதுக்குக. பழைய தாள்களைப் படமெடுத்துக் காக்கச் சங்க அறையில் ஓர் அலமாரியும் ஒதுக்குக. பெற்றோரிடமும் ஒரு சொல். பிள்ளை எதிரே நின்று, "அப்பா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், எதிர்த்துப் பேசுவதாகச் சினவாதீர்கள். கல்லூரிக்குக் கட்டிய கட்டணம் பயன் தரத் தொடங்கியது என்று மகிழுங்கள்; தெரிந்தால் விடை சொல்லுங்கள்; தெரியாவிடில், பாட்டியைக் கேட்டு வா என்று அனுப்புங்கள்.